வெலோ குட்

என் கணவர் சாவதற்கு முன் கடைசியாக என்னோடுதான் கதைத்தார் என்று எங்களுடைய ஆட்கள் எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மகள் அப்படித்தான் வந்தவர்கள் எல்லாருக்கும் சொன்னாள். "சாப்பிட்டனீரோ எண்டு அம்மாட்டைக் கேட்டவராம்" என்று சொல்லுவாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டுவேன். அது பொய். அவர் அன்றைக்கு என்னோடு கதைக்கவேயில்லை.

சுவிஸில் சைக்கிளை வெலோ என்பார்கள். நாங்கள் வந்த புதிதில் அகதி முகாமில் பொறுப்பாக இருந்தவர், யாரோ கொடுத்த பழைய சைக்கிள்களை வரிசையாக நிறுத்திவிட்டு, "வெலோ? வெலோ?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டு வந்தார். என் கணவர் என் பக்கம் திரும்பி, "என்னப்பா, வேலோ எண்டு கேக்கிறான். முருகனைப் பற்றி இவனுக்கு ஆர் சொன்னது?" என்றார். ஊர் விட்டு வந்து நான் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சைக்கிளுக்குப் பெயர் வேல்.

முப்பது வருடம் உணவகக் குசினியில் நின்றவர். பென்சன் எடுத்த முதல் கோடையிலேயே தன்னுடைய வேல் சைக்கிளை ரயிலில் ஏற்றிக்கொண்டு டென்மார்க், நோர்வே என்று போய்விட்டார். கடற்கரை ஊர் ஊராகத் தனியே மூன்று கிழமை ஓடினார். அங்கேயிருந்து படம் அனுப்புவார். சிவப்புப் பலகை வீடுகள், மழை, தடியில் தொங்குகிற மீன். "இஞ்சையும் கருவாடு காயப்போடுறாங்கள், ஆனால் வெயில் இல்லை" என்று எழுதியிருந்தார். திரும்பி வந்து ஒரு மாதத்திற்கு அதே கதைதான். அடுத்த வருடங்களில் பிரஷர் கூடியதால் மகள் தூரம் போக விடவில்லை. சுவிசுக்குள்ளேயே ஆற்றங்கரை, ஏரிக்கரை என்று ஓடினார்.

ஒவ்வொரு முறையும் கேட்பார்: "நீரும் வாருமன்."

"ஓம் ஓம், அடுத்த முறை பாப்பம்."

"உம்மடை ஓமை நம்பி உலை வைக்கேலாது" என்பார். சைக்கிள் பையைக் கட்டிக்கொண்டு, "எனக்கு வேல் இருக்கு. மயிலைத்தான் வீட்டிலை விட்டிட்டுப் போட்டுவாறன்" என்பார். கடைசித் தடவையும் அப்படித்தான் சொன்னார்.

அவர் சொன்னது சரி. என்னுடைய ஓமுக்கு ஒரு அர்த்தமும் இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அந்த ஐந்து வருடமும் ரீச்சர் "விளங்கினதோ?" என்று கேட்டால் ஓம் என்றுதான் சொன்னேன். விளங்கவில்லை என்று சொன்னால் எழுப்பி நிறுத்திக் கேட்பா, எல்லாரும் பார்ப்பார்கள். இங்கே வந்து அந்த ஓம், "யா, யா" ஆகிவிட்டது. துப்புரவு வேலை செய்த இடத்தில் மேலாளர் என்ன சொன்னாலும் யா, யா. பிறகு மற்றவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்வேன். மாடியில் இருக்கிற சுவிஸ் மனிசி படியில் நின்று நீளமாக ஏதாவது சொல்லுவா. யா, யா, குட், குட். அவவும் சிரிப்பா, நானும் சிரிப்பேன். முப்பது வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. அதால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணி தாண்டி இருக்கும். சோறு அடுப்பில். போனில் அவருடைய படம் விழுந்தது. "சொல்லுங்கோ" என்றேன். ஒரு பெண்ணின் குரல். பிரெஞ்சு. அவர் ஓடப்போயிருந்த நொஷாட்டல் பக்கம் பிரெஞ்சுதான் கதைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்; ஒரு சொல்லும் விளங்காது. அவ வேகமாகக் கதைத்தா. அதற்குள் ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது: வெலோ. பிரெஞ்சிலும் அதே சொல்தான் போல. சரி, வேல் பழுதாகிவிட்டது, யாரோ திருத்துகிறார்கள், அதைச் சொல்ல எடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"யா, யா" என்றேன். "வெலோ குட். குட், குட்."

அவ கொஞ்சம் நிறுத்தினா. பிறகு இன்னொரு தடவை, இந்தமுறை ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டா. கடைசியில் வெலோ. எனக்கு முகம் சுட்டது.

"யா, யா. வெலோ குட். மெர்சி."

போனை வைத்துவிட்டுச் சோற்றை வடித்தேன்.

மகள் பொலிசோடு வந்தபோது ஐந்து மணி. ஏரிக்கரைச் சைக்கிள் பாதையில் விழுந்து கிடந்திருக்கிறார். இதயம். நடந்து போன யாரோ கண்டபோது மூச்சு இல்லை. பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை. அவருடைய போனில் இருந்த கடைசிக் கோலைப் பற்றிப் பொலிஸ் சொன்னதும் மகள் கேட்டாள்: "அம்மா, அப்பா கடைசியாய் உங்களுக்குத்தான் எடுத்திருக்கிறார். என்னம்மா சொன்னவர்?"

அவள், மருமகன், இரண்டு பொலிஸ்காரர், எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"சும்மாதான்" என்றேன். "சாப்பிட்டனீரோ எண்டு கேட்டவர்."

அது எப்படி என் வாயில் வந்தது என்று எனக்குத் தெரியாது. வந்துவிட்டது. மகள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அதற்குப் பிறகு அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்க ஒரு வழியும் இருக்கவில்லை.

செத்தவீட்டுக்குப் பிறகு அவருடைய உடுப்புப் பையைக் கொடுத்தார்கள். சேட்டுப் பொக்கற்றுக்குள் ஒரு சின்னப் பில் துண்டு. ஏரிக்கரைக் குளிக்கிற இடத்தில் உள்ள கியோஸ்க் ஒன்றில் தண்ணீர் வாங்கிய துண்டு. ஊரின் பெயரும் நேரமும் அதில் இருந்தன. எனக்குக் கோல் வந்ததற்குப் பத்து நிமிடம் முன்னே. அவர் விழுந்த இடம் அங்கேயிருந்து இரண்டு கிலோமீற்றர். அந்தத் துண்டை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் இருந்தது.

வருடம் முடிந்து ஆட்டைத் திவசத்துக்கு வந்தவர்கள் மண்டபத்தில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மகள் பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "தனிய விழுந்து கிடந்தவர். முதலே ஏலாமல் இருந்திருக்கும். வழியிலை ஒரு மனிசராவது கண்டிருக்க மாட்டினமோ? எங்களுக்கு ஒரு கோல் எடுத்திருக்க மாட்டினமோ?"

நான் வடைத் தட்டோடு நின்றேன். எடுத்தார்கள், பிள்ளை. எனக்குத்தான் எடுத்தார்கள். நான் எதற்கு யா என்று சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் இனி ஒரு பிடி சோறு இறக்க முடியாது என்று அன்றைக்கு விளங்கியது.

பாடனில் எங்கள் கட்டடத்தின் மேல்மாடியில் முன்பு ஒரு மட்டக்களப்புப் பிள்ளை இருந்தாள். நாற்பது வயதிருக்கும், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்து நொஷாட்டலுக்குப் போய்விட்டாள். அவளுக்குப் போன் எடுத்து, ஒரு இடத்தில் எனக்குப் பிரெஞ்சு கதைத்துத் தர ஏலுமா என்று கேட்டேன். என்ன விசயம் என்று சொல்லவில்லை. "வாங்கக்கா, வெள்ளிக்கிழமை வாங்க, சனி எனக்கு மூணு மணியோட வேல முடியும்" என்றாள். வைக்கப்போகும்போது இன்னொன்றும் கேட்டேன்: விளங்கவில்லை என்பதற்குப் பிரெஞ்சில் என்ன?

"ஜு ந கொம்ப்ரான் பா."

மேசையில் கிடந்த ஒரு கடிதத்தின் பின்பக்கம் தமிழில் எழுதிவைத்தேன்.

மகளுக்கு ரயிலில் போகிறேன் என்றேன். ரயிலில் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய் இறங்கிவிடலாம். இரண்டு மணித்தியாலத்தில் எனக்குத் துணிவு வராது. போய் இறங்கி, அந்தக் கியோஸ்க்கைத் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். அதோடு, நீரும் வாருமன் என்று அவர் அத்தனை தடவை கேட்டதும் மனதில் கிடந்தது. பஸ் தொடங்காத விடியற்காலை வேலைக்கெல்லாம் நான் சைக்கிளில்தான் போய்வந்தேன். அறுபத்தேழு வயதானாலும் கால் மறக்கவில்லை. அவருடையது பார் உயரம்; ஏறமுடியாது. என்னுடைய சைக்கிளில் அவருடைய பைகளைக் கொழுவிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டேன். பைக்குள் அவர் வழி எழுதிவைத்த கொப்பியும் அந்தத் துண்டும்.

வழி தவற ஏலாது. சந்திக்குச் சந்தி சிவப்புப் பலகை, அதில் வெள்ளைச் சைக்கிள். அவருடைய கொப்பியில் மிச்சம் எல்லாம் இருந்தது. "பாலம் தாண்டிப் பைப். நல்ல தண்ணி." "இந்த ஏற்றம் பொல்லாதது, இறங்கி உருட்டு." "இந்த வீட்டு மனிசி நல்லவ. நாய் கெட்டது." அந்த நல்ல மனிசியின் வீட்டில்தான் முதல் நாள் தங்கினேன். தோட்டக்காரக் குடும்பம், சைக்கிள்காரருக்கு ஒரு அறை வைத்திருந்தார்கள். நாய் என்னைக் கண்டு குரைக்கவில்லை. பைகளை மோந்து பார்த்துவிட்டு வாலை ஆட்டியது. அதற்குப் பிறகு என்னால் அந்தப் பைகளைத் தொட முடியவில்லை. மாற்றுச் சீலை எடுக்காமல் போட்டிருந்த உடுப்போடேயே படுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் ஆராவ் தாண்டினதும் மழை. ஆற்றின் மறுபக்கம் அணு உலையின் பெரிய கோபுரம் வெள்ளை வெள்ளையாகப் புகை விட்டுக்கொண்டிருந்தது. எவ்வளவு ஓடியும் அது பக்கத்திலேயே நின்றது. மழைச்சட்டைக்குள்ளே வேர்வை, வெளியே தண்ணீர். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு சொல்லாகப் பாடமாக்கிக்கொண்டு போனேன். ஜு. ந. கொம்ப்ரான். பா. ஜு. ந. கொம்ப்ரான். பா. இடத்துக்கிடம் பற்றரி வெலோவில் சுவிஸ் கிழவன் கிழவிகள் மணி அடித்துவிட்டு என்னைத் தாண்டிப் போனார்கள். தலைக்கவசத்துக்குள்ளே வெள்ளை முடி. என்னைவிட வயது கூடினவர்கள். ஒருவருக்கும் மூச்சு வாங்கவில்லை.

ஒல்ரனுக்கு அங்கால் சோளத்தோட்டம் ஒன்றுக்குப் பக்கத்தில் சங்கிலி கழன்றது. குந்தியிருந்து ஒரு தடியால் நெம்பிக்கொண்டிருந்தேன். கை முழுக்கக் கிறீஸ். ஒரு சுவிஸ்காரர் வந்து காலை ஊன்றி நின்று ஏதோ கேட்டார். ஜேர்மன்தான், ஆனால் பதற்றத்தில் எனக்கு "குட்" மட்டும்தான் கேட்டது.

"யா, யா, குட்" என்றேன்.

அவர் பெருவிரலைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் தடியைக் கீழே போட்டேன். உதவி வேணுமா, எல்லாம் சரியா என்றுதான் அந்த மனிசன் கேட்டிருப்பார். நல்ல மனிசன். நின்று கேட்டார். நான் குட் என்றேன், அவர் போனார். இவ்வளவுதான். இப்படித்தான் நடந்திருக்கும். அந்தச் சோளத்தோட்டத்துப் பக்கத்தில் எனக்குப் பாதி விளங்கிவிட்டது. திரும்பிப் போகலாம் என்று நினைத்தேன். ஆனால் பாதி விளங்கினது முழுதும் விளங்காததைவிடக் கொடுமையாக இருந்தது. சங்கிலியைக் கொழுவிக்கொண்டு முன்னே போனேன்.

மூன்றாம் நாள் சொலத்தூர்னுக்கு அப்பால் ஒரு ஊரில் கூரைக்குக் கூரை நாரை கூடு கட்டி நின்றது. அவருடைய கொப்பியில் அந்த ஊருக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தார். நான் நிற்கவில்லை. பீல் வந்தபோது பலகைகள் ஜேர்மன், பிரெஞ்சு இரண்டிலும் இருந்தன. அதுவரைக்கும் வழியில் கண்டவர்கள் வணக்கத்துக்கு எங்களுடைய பக்கத்தில் குறூட்சி என்றார்கள், பிறகு குறூசெக் என்றார்கள். பீலில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிப் பெண் என்னைப் பார்த்து "பொன்ஜூர்" என்றாள். சைக்கிளில் இருந்து இறங்கி உருட்டிக்கொண்டு போனேன்.

வெள்ளிக்கிழமை இரண்டு ஏரிக்கும் நடுவில் உள்ள தோட்டவெளி. மண் கறுப்பு. நான் சுவிஸில் அவ்வளவு கறுப்பு மண் கண்டதில்லை. கோவா, லீக்ஸ், வெங்காயம் என்று கண்ணுக்கு எட்டின தூரம் வரை வரிசை. முதுகு வளைந்த ஆட்கள் வெட்டிப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் நிமிரவில்லை. காற்று முகத்துக்கு நேரே. அவர் கொப்பியில் இந்த இடத்துக்கு ஒன்றும் எழுதவில்லை. முந்தின பக்கத்தோடு அவருடைய எழுத்து நின்றுவிட்டது.

மத்தியானம் அந்தக் கியோஸ்க்குக்கு வந்தேன்.

பச்சைப் பலகைக் கொட்டில். முன்னால் நான்கு மேசை, குடை, புல், அதற்கு அங்கால் ஏரி. உள்ளே கட்டை முடி வெட்டின ஒரு மனிசி, ஐம்பத்தைந்து இருக்கும், ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றா. சைக்கிளைச் சாத்திவிட்டு முன்னால் போனேன். ஜு ந கொம்ப்ரான் பா. நான்கு நாள் மிதித்த சொல். வாயைத் திறந்தேன். அவ ஏதோ கேட்டா. குரலை உடனே கண்டுகொண்டேன். அதே குரல்.

"யா, யா" என்றேன்.

அவ ஒரு தட்டில் பன்றிச் சொசேச்சும் கடுகும் பாணும் வைத்து நீட்டினா. வெள்ளிக்கிழமை. நான் மச்சம் மாமிசம் தொடாத நாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு "மெர்சி" என்றேன்.

அந்தத் தட்டைச் சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு கிலோமீற்றர் ஓடினேன். அவர் விழுந்த இடத்தை மகள் முன்பு படத்தில் காட்டியிருக்கிறாள். ஒரு வாங்கு, ஒரு குப்பைத்தொட்டி, நாணல். அவ்வளவுதான். அந்த வாங்கில் இருந்தேன். கடுகு மணந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் தட்டை அந்தக் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். கும்பிடவோ அழவோ அன்றைக்கு எனக்குத் தகுதி இருப்பதாகப் படவில்லை.

நொஷாட்டலில் மட்டக்களப்புப் பிள்ளை கதவைத் திறந்ததும் என்னைப் பார்க்கவில்லை, சைக்கிளைத்தான் பார்த்தாள்.

"அக்கா! பாடன்ல இருந்து இதிலயா வந்தீங்க? உங்களுக்கு விசரா? மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிப்போடாதையும்."

"யாழ்ப்பாணத்து ஆக்கள் ஒண்ட மறைச்சா பொலிசாலயும் எடுக்க ஏலா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். "உள்ள வாங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுச் சொல்லுங்க."

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். போன், சோறு, யா யா, மகளுக்குச் சொன்ன பொய், எல்லாம். ஒருவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் முதியோர் இல்லத்தில் எத்தனையோ சாவைக் கண்டவள். முடியும்வரை கேட்டாள்.

அடுத்த நாள் மூன்று மணிக்குப் பிறகு வேலை உடுப்போடேயே வந்தாள். பஸ்ஸில் போனோம். கியோஸ்க்கில் சனிக்கிழமைக் கூட்டம். ஆள் குறையும்வரை மேசையில் இருந்தோம். பிறகு அவள் போய் என் கணவரின் படத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். அந்த மனிசி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தா. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தா. ஏப்ரனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியே வந்து எங்கள் மேசையில் இருந்தா.

நீளமாகச் சொன்னா. கையால் காட்டிக் காட்டிச் சொன்னா. நெஞ்சைத் தொட்டா, நெற்றியைத் துடைத்துக் காட்டினா. முடிந்ததும் மட்டக்களப்புப் பிள்ளை என் பக்கம் திரும்பினாள்.

"அவ சொல்றா, எல்லாம் ஒரு நிமிசத்துல முடிஞ்சிதாம் அக்கா. ஆராலயும் ஒண்டும் செய்ய ஏலாம இருந்திச்சாம். நீங்க கவலப்பட வேணாமாம்."

"ஓம்" என்ற சொல் என் பல்லுக்குள் வந்துவிட்டது. சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். பஸ் எடுத்து, சாப்பிட்டு, அடுத்த நாள் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"பிள்ளை" என்றேன். "அவ இப்ப கதைக்கேக்கை அம்புலன்ஸ் எண்டவ. இரண்டு தரம் சொன்னவ. வெலோ எண்டவ. அவர் விழுந்தது இஞ்சை இல்லை. ஒரு நிமிசத்திலை முடிஞ்சதெண்டு இவவுக்கு எப்பிடித் தெரியும்? அவ சொன்னதை அப்பிடியே சொல்லும்."

"எதுக்கக்கா? தெரிஞ்சி என்ன செய்யப் போறீங்க?"

"சொல்லும்."

அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். என் கணவர் அந்த மேசைக்குத்தான் வந்திருக்கிறார். வேர்த்து ஊற்றி, முகம் சாம்பல் நிறமாக. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்திருக்கிறார். அந்த மனிசி அம்புலன்சுக்கு அடிக்கத் தன் போனைக் கையில் எடுத்துவிட்டா. இவர் வேண்டாம், வேண்டாம், வெயில்தான் என்று சிரித்திருக்கிறார். அவ விடவில்லை. அதற்கு இவர் தன்னுடைய போனில் எனக்கு அடித்து அவவிடம் நீட்டியிருக்கிறார். "என் மனிசியைக் கேளுங்கள். அவ யா என்று சொல்லுவா" என்று அரைகுறைப் பிரெஞ்சில் சொல்லியிருக்கிறார். அவ என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. இவருக்கு முதலும் இப்படி வந்து சரியாகியிருக்கிறதா? இவர் வெலோவில் தொடர்ந்து போகலாமா?

யா, யா. வெலோ குட். குட், குட்.

அவ அம்புலன்சுக்கு அடிக்காமல் போனை வைத்துவிட்டா. இவர் கையைக் காட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக, என் மனிசன் மேல் கோபம் வந்தது. என்னுடைய ஓமை நம்பி உலை வைக்கேலாது என்று நாற்பது வருடம் சொன்னவர். அது எதற்கும் பயன்படாத ஓம் என்று அவருக்கு நல்லாகத் தெரியும். தெரிந்துதான் போனை நீட்டினார். மகளுக்கு அடித்திருந்தால் மகள் பிரெஞ்சில் நான்கு கேள்வி கேட்டிருப்பாள். அதனால்தான் மகளுக்கு அடிக்கவில்லை. ஆனால் கோபம் வந்ததால் என் பாரம் குறையவில்லை. யா என்று சொன்னது என் வாய்தான்.

கியோஸ்க் மனிசி என்னைப் பார்த்து ஏதோ கேட்டா.

"அவ கேக்கிறா," என்றாள் பிள்ளை, "அண்டைக்கு உங்களுக்கு என்ன விளங்கிச்சி எண்டு."

அவள் வாயைத் திறக்க முன் நான் சொன்னேன். மிதிக்கிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக. "ஜு. ந. கொம்ப்ரான். பா."

பிள்ளை மெதுவாக, "அக்கா, முடிஞ்ச விசயத்துக்கு 'விளங்கல்ல' எண்டு சொல்ல வேணும். நீங்க 'விளங்குதில்ல' எண்டு சொல்லிட்டீங்க" என்றாள்.

அந்த மனிசி கையைக் காட்டி அவளை நிறுத்தினா. அவவுக்கு விளங்கிவிட்டது. ஏரிப் பக்கம் திரும்பினா. பிறகு ஒன்று சொன்னா, மிகச் சிறிதாக. இந்தமுறை பிள்ளை மறைக்கவில்லை.

"உங்கட குரல்ல அவவுக்கு அண்டைக்கே தெரிஞ்சிதாம், உங்களுக்கு ஒண்டும் விளங்கல்ல எண்டு. அதாலதான் ரெண்டாம் தரம் கேட்டவாம். மூணாம் தரமும் கேட்டிருக்கலாமாம். வரிசையில ஆக்கள் நிண்டவங்களாம்."

ஒருவரும் ஒருவரையும் தொடவில்லை. மன்னிப்பு என்ற சொல்லை ஒருவரும் எடுக்கவில்லை. அவ எழும்பி, ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே போனா. ஐஸ்கிறீம் கேட்டு ஒரு குடும்பம் வந்து நின்றது.

பிள்ளை பஸ் பார்க்கப் போனாள். நான் அந்த மேசையில் இருந்து மகளுக்குப் போன் எடுத்தேன்.

"அம்மா! என்னம்மா, எப்பிடி இருக்கிறியள்? அங்கை எல்லாம் ஓக்கேயோ?"

ஓம் ஓம் என்ற சொல் தானாக வந்தது. விழுங்கினேன்.

"இல்லைப் பிள்ளை."

"என்னம்மா? என்ன நடந்தது?"

"அப்பா அண்டைக்கு என்னோடை கதைக்கேல்லை."

"என்ன சொல்லுறியள்? அவர்தானே எடுத்தவர்?"

"அவற்றை போனிலை வேறை ஒரு மனிசி எடுத்தவ. அவருக்கு ஏலாமல் இருக்கு, சைக்கிளிலை போகலாமோ எண்டு கேட்டவ. பிரெஞ்சிலை கேட்டவ. எனக்கு விளங்கேல்லை. நான் யா எண்டு சொல்லிப்போட்டன். நல்லதெண்டு சொல்லிப்போட்டன். அவ போகவிட்டிட்டா. நான் இப்ப அந்த இடத்திலை இருந்துதான் கதைக்கிறன்."

மகள் மூச்சு விடுகிறது கேட்டது. கடைசியில் சின்னப் பிள்ளையின் குரலில் கேட்டாள்:

"அப்ப, சாப்பிட்டனீரோ எண்டு அப்பா கேட்டது?"

"அது நான் சொன்னது, பிள்ளை."

அவள் கோலை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உள்ளே அந்த மனிசி ஐஸ்கிறீம் பெட்டியின் மூடியைத் திறந்து, அடுத்த ஆளிடம் என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டிருந்தா.